விடியற்காலை மிளா (கடமான்) பார்க்க எந்த பைனாகுலர்? 8×42 பற்றி என் அனுபவம்

பைனாகுலர் வாங்கக் கடைக்குப் போனால், "எத்தனை மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோரத்தில் விலங்குகளையும் பறவைகளையும் பார்க்க நினைப்பவர்கள் அதற்கு முன்பே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: காலை ஆறு மணி வெளிச்சத்தில் இதில் என்ன தெரியும்? ஒரு வருடத்துக்கும் மேலாக 8×42 அளவுள்ள பைனாகுலர் ஒன்றைப் பயன்படுத்திவருகிறேன். அந்தக் கேள்விக்கு இவ்வளவு நல்ல பதில் தரும் கருவியை இதற்கு முன் நான் கையில் எடுத்ததில்லை. கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இதே அளவில் பல கம்பெனிகள் செய்கின்றன, பார்த்து வாங்க வேண்டிய அம்சங்களும் எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

இது வேட்டைக்காரன் ஒருவனின் கருவி. என் தம்பி குடும்பத்தோடு அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறான். அவன் மகனுக்கு, முறைக்கு என் மருமகனுக்கு, பதினேழு வயது. பள்ளித் தோழன் ஒருவனின் தாத்தாவிடம் மான் வேட்டையும் காட்டு வான்கோழி வேட்டையும் பழகியிருக்கிறான். அங்கே அது சட்டப்படி நடப்பது. பயிற்சி வகுப்பில் தேறி உரிமம் எடுக்க வேண்டும், குறித்த பருவத்தில் குறித்த எண்ணிக்கைக்கு மேல் கூடாது. உயிரியல் ஆசிரியையான எனக்கு முதலில் அது மனத்துக்கு ஒப்பவில்லை. அவன் போன வருடம் ஆனி மாதம் ஊருக்கு வந்தபோது நிறையக் கேட்டேன். கேட்கக் கேட்க, அவன் காட்டில் இருக்கும் நேரத்தில் மிகப் பெரும்பகுதி பார்ப்பதிலேயே கழிகிறது என்பது புரிந்தது. சுடுவது எப்போதோ ஒரு கணம். பல நாள்கள் அதுவும் கிடையாது.

அவனுக்குக் கற்றுத்தந்த பெரியவர் முதல் பருவம் முழுக்கத் துப்பாக்கியைத் தொடவிடவில்லையாம். பைனாகுலரை மட்டும் கழுத்தில் மாட்டி விட்டிருக்கிறார். காரணத்தை என் மருமகன் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "அத்தை, துப்பாக்கியின் மேலேயும் ஒரு தொலைநோக்கி இருக்கும். அதை வைத்து எதையும் தேடக் கூடாது. தேடினால் குழலும் அந்தப் பக்கம் திரும்பும். அங்கே ஒரு மனிதர் நின்றால்?" தேடுவதற்கும் அடையாளம் காண்பதற்கும் பைனாகுலர். இன்னதென்று உறுதியான பிறகுதான் மற்றது. மான் பருவத்தில் வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போட வேண்டும் என்ற விதியும் இதற்காகத்தான். மனிதருக்குப் பளிச்சென்று தெரியும் அந்த நிறம் மான் கண்ணுக்கு எடுப்பாகத் தெரியாது.

பென்சில்வேனியாவின் பெரும்பாலான பகுதிகளில், வயது வந்தவர்களுக்கான விதிப்படி, ஆண் மானின் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று முனைகள் இருந்தால்தான் சுடலாம். இளம் ஆண்கள் தப்பி வளரட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நவம்பர் கடைசி, மரத்தில் கட்டிய பரண், பொழுது சாயும் நேரம். வெள்ளைவால் மான் ஒன்று ஓக் மரங்களுக்கு இடையே வந்து நிற்கிறது. மருமகன் பைனாகுலரில் கொம்பை எண்ணுகிறான். இரண்டு முனை தெளிவாகத் தெரிகிறது. மூன்றாவதாக நீட்டிக்கொண்டிருப்பது முனையா, பின்னால் இருக்கும் சுள்ளியா? மான் தலையைத் திருப்பும்வரை காத்திருக்கிறான். திருப்பியதும் சுள்ளி அங்கேயே நின்றுவிட்டது. மான் போகட்டும் என்று இருந்துவிட்டான். அந்த வெளிச்சத்தில் சுள்ளியையும் கொம்பையும் பிரித்துக் காட்டிய பைனாகுலர்தான் இப்போது குலசேகரத்தில் என் அலமாரியில் இருக்கிறது. அங்கே அவன் கொடுத்த விலை சுமார் 150 டாலர். திரும்பிப் போகும்போது, "எனக்கு வேறு வாங்கிக்கொள்கிறேன் அத்தை" என்று விட்டுச்சென்றான்.

இனி எண்கள். 8 என்பது எத்தனை மடங்கு என்பது. 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. பைனாகுலரைக் கையை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்து வைத்தால், கண் வைக்கும் லென்ஸில் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். அதன் விட்டம்தான் இந்த 5.25 மில்லிமீட்டர். மங்கிய வெளிச்சத்தில் இளைஞர்களின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரைகூட விரியும். என்னைப் போல் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குச் சுமார் 5. அதாவது என் கண் வாங்கக்கூடிய வெளிச்சம் முழுவதையும் இந்தக் கருவி கொடுத்துவிடுகிறது. சட்டைப்பையில் அடங்கும் 10×25 வகையில் இதே கணக்கைப் போட்டால் 2.5 மில்லிமீட்டர்தான் வரும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால் நான்கு மடங்குக்கும் மேல் வெளிச்சம் குறைவு. உச்சி வெயிலில் இந்த வேறுபாடு தெரியாது. மானும் மிளாவும் நடமாடும் அதிகாலையிலும் அந்தியிலும்தான் தெரியும்.

மருமகன் இங்கே இருந்தபோது, தடிக்காரன்கோணத்துக்கு மேலே உறவினர் ஒருவரின் ரப்பர் தோட்டத்துக்கு விடியுமுன்பே அழைத்துப்போனேன். பால்வெட்டுத் தொழிலாளர்களின் தலைவிளக்குகள் மட்டும் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தன. தோட்டம் முடிந்து காடு தொடங்கும் சரிவைப் பார்த்து உட்கார்ந்தோம். நான் வழக்கப்படி ஒரு முழு விலங்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் காதருகே சொன்னான்: "மரமெல்லாம் நெட்டையாக நிற்கிறது, இல்லையா? நடுவில் எங்கேயாவது கிடைக்கோடு தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள் அத்தை. அது விழுந்த மரமாகவும் இருக்கும், முதுகாகவும் இருக்கும்." பைனாகுலரை வேகமாகத் திருப்பாமல் ஒரு சாண் அகலத்தைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்த சாணுக்குப் போகச் சொன்னான். வெறுங்கண்ணுக்குச் சரிவு வெறும் கறுப்பாகத்தான் இருந்தது. லென்ஸில் ஈட்டா என்ற நாணல் மூங்கில் புதரின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் நுனியில் ஏதோ அசைந்தது.

மிளாவின் காது அது. அகலமான காது, உட்புறம் வெளிறிய மயிர், ஓரத்தில் சிறு கிழிசல். ஒரு பூச்சி அதில் உட்கார, காது மடங்கி உதறியது. மறுபடி பூச்சி, மறுபடி உதறல். அடுத்த காது அசையாமல் எங்கள் பக்கமே திரும்பியிருந்தது. பெண் மிளா. முன்னங்காலால் ஒரு தடவை தரையைத் தட்டியது. பிறகு "டாங்" என்று அந்த எச்சரிக்கைக் குரல், அதோடு சரிவில் இறங்கி மறைந்துவிட்டது. ஆண்டுக்கணக்காக மாணவர்களுக்குப் பாலூட்டிகளின் புலன்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன். இரண்டு காதும் இரண்டு வேலை செய்வதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

காட்டு வான்கோழி நம் காட்டில் கிடையாது, அது வட அமெரிக்கப் பறவை. அதைப் பற்றி அவன் சொன்னதில் பைனாகுலருக்கு வேண்டியதைச் சொல்கிறேன். வசந்த காலத்தில் அங்கே தாடி உள்ள வான்கோழியை மட்டுமே சுடலாம். தாடி என்பது மார்பிலிருந்து தொங்கும், மயிர் போன்ற இறகுக் கற்றை. பெரும்பாலும் சேவலுக்குத்தான் உண்டு. பறவையைத் துரத்திப் போகவும் கூடாது. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டையின் குரலை எழுப்பி அதை வரவழைக்க வேண்டும். அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் பின்புறம் தவிர எல்லாம் தெரியும், நிறங்களும் நன்றாகத் தெரியும். கிட்டே வந்த பிறகு பைனாகுலரைத் தூக்கினால் ஆட்டம் முடிந்தது. ஆகவே விடியும்போது, பறவை மரத்திலிருந்து இறங்கித் தொலைவில் நிற்கும்போதே தாடியைப் பார்த்துவிட வேண்டும். ஒருமுறை இவன் முன்பக்கம் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, சேவல் சத்தமில்லாமல் முதுகுப் பக்கமாக வந்து நின்று ஒரு குரல் கொடுத்ததாம். அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன் என்றான். அதுவாகப் போனது.

இந்த வான்கோழி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் பல மாநிலங்களில் அற்றே போயிருந்தது. எஞ்சிய காடுகளில் பிடித்துப் பழைய இடங்களில் கொண்டுபோய் விட்டுப் பெருக்கினார்கள். 1937-இல் வந்த சட்டத்தின்படி வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் வசூலிக்கும் 11 சதவீத வரி வனவிலங்குப் பணிக்குப் போகிறது. அந்த நாட்டின் வழி அது. நமக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இங்கே வேட்டை குற்றம், குற்றமாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மலையோரத்தில் இன்னமும் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். கம்பி கொம்பையும் எண்ணாது, குட்டியையும் பார்க்காது. மருமகனிடம் ஒன்றைக் காட்டியபோது அவன் முகம் சிவந்துவிட்டது.

வான்கோழிக்கு ஈடாக நமக்கு இருப்பது சாம்பல் காட்டுக்கோழி. இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதது. கீரிப்பாறையிலிருந்து காளிகேசம் போகும் வழியில் சேவலின் குரல் கேட்காத காலை அரிது. பார்ப்பதுதான் கடினம். இந்த பைனாகுலரில் ஒரு சேவலை நிதானமாகப் பார்த்தேன். கழுத்து இறகு ஒவ்வொன்றிலும் மெழுகு உருகிச் சொட்டியது போல் மஞ்சள் புள்ளிகள், வெயில் பட்டதும் மினுங்கின. மீன் தூண்டிலில் மாட்டும் போலிப் பூச்சி செய்ய இந்த இறகுக்காகவே ஒரு காலத்தில் ஏராளமாகக் கொன்றார்கள். சேவல் சருகைக் கிளறும்போது இடம் மாறிக்கொண்டே இருக்கும். 8 மடங்கில் பார்வைப் பரப்பு அகலமாக இருப்பதால் பறவையைத் தொலைக்காமல் தொடர முடிகிறது. 10 மடங்கு வாங்கியவர்களுக்குக் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். அடர்ந்த காட்டில் அதற்கு அவசியமும் இல்லை, நூறு மீட்டருக்கு அப்பால் தெரியும் இடமே குறைவு.

குறைகளும் உண்டு. கழுத்துப் பட்டை மெல்லியது, ஒரு மணி நேரத்தில் கழுத்தை அறுக்கிறது. எடை 700 கிராமுக்குப் பக்கம். தோளில் குறுக்காகப் போடும் அகலப் பட்டை ஒன்றைத் தனியாக வாங்கினேன், பிரச்சினை தீர்ந்தது. முன்பக்க லென்ஸ் மூடிகள் தாமாகக் கழன்று விழுகின்றன, ஒன்று காளிகேசம் ஆற்றோடு போய்விட்டது. ஃபோகஸ் சக்கரம் ஆரம்பத்தில் இறுக்கமாக இருந்தது. என்னைப் போலக் கண்ணாடி போடுபவர்கள் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே அழுத்திக்கொள்ள வேண்டும். அப்போதும் முழு வட்டம் தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். வலப்பக்கக் கண்ணுக்கெனத் தனியாக ஒரு திருகு இருக்கும். அதை உங்கள் கண்ணுக்கு ஒருமுறை சரிசெய்துகொள்ளாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் தலைவலிதான் மிஞ்சும்.

நம் மாவட்டத்தில் பைனாகுலரின் பெரிய எதிரி பூஞ்சை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெறும் ஊர். எங்கள் வீட்டிலிருந்த பழைய பைனாகுலரின் லென்ஸில் உட்பக்கமாகச் சிலந்தி நூல் போல் படர்ந்து பாழாகிவிட்டது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் மாதங்கள் வைத்திருந்து அப்படியே திருப்பித் தந்தார்கள். 8×42-ஐ ஆடிச் சாரலில் நனைத்திருக்கிறேன். வெளியே மூச்சுப் பட்டுப் பனித்தது, துடைத்ததும் போய்விட்டது. உள்ளே துளி ஈரம் இல்லை. உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜன் நிரப்பி அடைத்த வகை இது. பெட்டியில் நீர் புகாதது என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, நைட்ரஜன் நிரப்பியது என்றும் இருக்க வேண்டும்.

தேரூர் குளத்துக்கும் கொண்டுபோனேன். சுசீந்திரம்–தேரூர் சதுப்புநிலத்துக்கு 2022-இல் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது. மார்கழியில் கரையோரத்து நாரைகளும் நீலத் தாழைக்கோழியும் அழகாகத் தெரிந்தன. ஆனால் குளத்தின் நடுவே மிதக்கும் வாத்துக் கூட்டத்தில் இனம் பிரிக்க 8 மடங்கு போதவில்லை. நீர்ப்பறவைகளையே பார்க்கப்போகிறீர்கள் என்றால் டிரைபாடில் வைக்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி வாங்குவது நல்லது. பகல் நேரத்தில் பிள்ளைகளோடு திற்பரப்பு அருவிக்குப் போய்வர மட்டும் என்றால் இவ்வளவு எடையும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

இந்த வகை இங்கே பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வரும். வாங்குகிறவர்கள் முடிந்தால் மாலை ஆறு மணிக்குக் கடைக்குப் போங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்க்காமல் வாசலுக்கு வந்து, எதிரே மரம் இருந்தால் அதன் அடிநிழலில் இலை தனித்தனியாகப் பிரிகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் தோல் உறையில் வைக்காதீர்கள், ஈரம் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நான் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பொட்டலங்களை மாற்றுகிறேன்.