கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ: மஞ்சள் நிறத்தை எவ்வளவு நம்பலாம்?

மலையகத்தில் கணினி முடங்கினால் பலரும் குளிரையும் உயரத்தையும் குறை சொல்வதுண்டு. உயரத்தைப் பொறுத்தவரை அது வீண்பழி. ஏறத்தாழ 3,000 மீற்றர் வரை இயங்கும் என்றே வன்தட்டுகளுக்குப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது, நுவரெலியாவோ 1,868 மீற்றரில்தான் இருக்கிறது. தட்டுக்கு உண்மையில் என்ன நேர்ந்துள்ளது என்று பார்க்க உதவுவது கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச விண்டோஸ் மென்பொருள். ஊழியர் சேமலாப நிதிப் படிவங்களும் பாடசாலை வினாத்தாள்களும் நிறைந்துகிடக்கும், ஹட்டனில் என் மைத்துனர் நடத்தும் கொமியூனிகேஷன் கடைக் கணினியில் இதைப் பயன்படுத்தி வருகிறோம்.

நிறுவாமலே இயக்கக்கூடிய பதிப்பு போதுமானது. கார்ட்டூன் பெண்ணின் படத்துடன் வரும் பதிப்புகளும் உண்டு. கடைக்கு அவை வேண்டாம்.

தட்டு தன்னைப் பற்றித் தானே பதிந்துவைக்கும் 'ஸ்மார்ட்' விவரங்களை வாசித்து, நலமென்றால் நீலம், எச்சரிக்கையென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு என்று இது காட்டுகிறது. நிறத்தை மட்டும் பார்ப்பவர் இரு வகையிலும் ஏமாறலாம். காற்றில் மரம் விழுந்து மின்சாரம் தடைப்படும் மழைக்காலத்தில், எழுதிக்கொண்டிருந்த ஒரு பகுதி அரைகுறையாக நின்றுபோனால், வாசிக்க முடியாத பகுதிகளைக் குறிக்கும் 'சி5' வரிசையில் ஒன்று ஏறி நிறம் மஞ்சளாகும். அதே இடத்தில் மீண்டும் எழுதும்போது அது சரியாகிவிடவும் கூடும். மறுபுறம், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பழுதானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் எதையும் காட்டவில்லை. ஆகவே நீலம் என்பது பிரதி எடுக்காமல் இருப்பதற்கான அனுமதி அன்று.

கவனிக்க வேண்டியது எண்ணின் போக்கை. சி5, அல்லது மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளைக் காட்டும் '05', நாளுக்கு நாள் ஏறினால், வேறெதையும் செய்யாமல் கோப்புகளை வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். அந்த நிலையில், தட்டின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கருவியான 'செக்டிஸ்க்'கை ஓடவிடுவது இருப்பதையும் கெடுக்கலாம். 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பும் தட்டையோ உடனே நிறுத்திவிடுவதே நல்லது.

இந்த எண்களைக் காட்டும் விதம்தான் எனக்கு எரிச்சலூட்டும் குறை. அவை பதினாறின் அடியில் வருவதால், 000000000010 என்று தெரிவது பத்து அன்று, பதினாறு. 'ஃபங்ஷன்' பட்டியலில் 'அட்வான்ஸ்ட் ஃபீச்சர்' சென்று, 'ரோ வெலியூஸ்' என்பதைப் பத்தின் அடிக்கு மாற்றிக்கொள்ளலாம். சாதாரணப் பாவனையாளர் அதுவரை தேடிப் போவாரா என்பது சந்தேகமே.

பாவித்த வன்தட்டு வாங்குவோருக்கும் இது உதவும், ஏனெனில் தட்டு எத்தனை மணித்தியாலம் இயங்கியது என்பதையும் காட்டுகிறது. ஆனால் தட்டை வெளியிலிருந்து இணைக்க உதவும் மலிவான யூஎஸ்பி உறைகளில் சில, ஸ்மார்ட் விவரங்களைக் கடத்துவதில்லை என்பதால், கணினியில் நேரடியாகப் பொருத்திக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள்.