பறக்கும் கார்: வாசலிலிருந்து வாசல்வரை எது ஜெயிக்கும்?

பறக்கும் கார்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் உடனே வேகத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது போதாது. வீட்டு வாசலில் கிளம்பி, போக வேண்டிய இடத்தின் வாசலில் இறங்கும்வரை எவ்வளவு நேரம், எவ்வளவு பாடு என்று கேட்டால்தான் எது தேறும், எது தேறாது என்பது தெரியும். ஏனென்றால் இந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று வகை வண்டிகள் இருக்கின்றன.

முதல் வகை, ரோட்டிலும் ஓடும் விமானம். ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் க்ளைன் செய்த ஏர்கார் இதில் கண்ணுக்கு ரொம்ப அழகானது. இறங்கி நின்றதும் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வால் உள்ளே இழுத்துக்கொள்ளும், இரண்டு இறக்கைகளும் மடிந்து உடலோடு ஒட்டிக்கொள்ளும், மூன்று நிமிடம்கூட ஆகாமல் அங்கே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கும். உள்ளே ஓடுவது பிஎம்டபிள்யூவின் 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 2021 ஜூனில் அந்நாட்டின் நித்ரா நகரிலிருந்து தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்தது. 70 மணி நேரச் சோதனைக்குப் பிறகு, 200 முறைக்கு மேல் ஏறி இறங்கிக் காட்டி, 2022 ஜனவரியில் பறக்கத் தகுதிச் சான்றும் வாங்கிவிட்டது. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த 35 நிமிடத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஒரு விமான நிலையத்திலிருந்து இன்னொரு விமான நிலையத்துக்கு ஆன நேரம். வீட்டிலிருந்து ஓடுபாதைவரை ஓட்டிப் போக வேண்டும், இறக்கையை விரிக்க வேண்டும், பறப்பதற்கு முன் செய்யும் சோதனைகள் எல்லாம் செய்ய வேண்டும், இறங்கியபின் மறுபடி ரோடு. டிராபிக்கில் மாட்டிக்கொண்டால் அங்கிருந்தே மேலே எழும்ப இதனால் முடியாது. அப்புறம் கீறல் விஷயம். பார்க்கிங்கில் யாரோ லேசாக இடித்துவிட்டால் சாதாரண காரில் பெயின்ட் போகும், அவ்வளவுதான்; இதில் அடிபட்டது இறக்கையின் கீலாக இருந்தால், மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை பறக்கக் கூடாது. கார் மோதலைத் தாங்கக் கனமாக இருக்க வேண்டும், விமானம் பறக்க லேசாக இருக்க வேண்டும். இந்த இழுபறி இன்று வந்ததல்ல. அமெரிக்காவில் மோல்டன் டெய்லரின் ஏரோகார் 1949லேயே பறந்தது, 1956ல் சான்றும் பெற்றது, கடைசியில் ஆறே ஆறுதான் செய்தார்கள்.

நெதர்லாந்தின் பால்-வி இதிலேயே ஒரு கிளை. இறக்கைக்குப் பதில் மேலே ஹெலிகாப்டரில் இருப்பதுபோல, ஆனால் காற்றில் தானாகச் சுழலும் ரோட்டர் இருப்பதால், இன்ஜின் நின்றாலும் மெதுவாக இறங்கலாம். ஏறுவதற்கு இதுவும் ஓடித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வகை, நின்ற இடத்திலிருந்து எழும்பும் மின்சார ஏர் டாக்ஸி. ரோட்டில் ஓடும் ஆசையையே இது விட்டுவிட்டது. அதுதான் இதன் பலம் என்பேன். கலிஃபோர்னியாவின் ஜோபி விமானத்தில் ஆறு ப்ரொப்பல்லர்கள். எழும்பும்போது மேல்நோக்கி நின்று, பிறகு முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். அதன்பின் பாரத்தை இறக்கை சுமக்கிறது. பைலட் போக நான்கு பயணிகள், மணிக்குச் சுமார் 320 கிலோமீட்டர் வேகம். இதற்கு நேர் எதிர் சீனாவின் ஈஹாங்: இறக்கை இல்லை, பைலட்டும் இல்லை, 16 ப்ரொப்பல்லர், இரண்டு சீட். 2023 அக்டோபரில் சீன விமானத் துறையின் வகைச் சான்று, அதாவது இந்த மாடலின் வடிவமைப்புக்கான ஒப்புதல், கிடைத்தது. ஆனால் தூரம் 30 கிலோமீட்டர்தான், பாரம் முழுவதையும் வழி நெடுக ப்ரொப்பல்லர்களே தூக்கிக்கொண்டிருப்பதால்.

பேட்டரிதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட் மணி ஆற்றல்; ஒரு கிலோ லித்தியம் அயான் பேட்டரியில் 250 பக்கம். இன்ஜின் வீணடிப்பதைக் கழித்தாலும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். பெட்ரோல் தீரத் தீர எடை குறையும், பேட்டரி காலியானாலும் அதே எடைதான். இதில் மோசமானது, நேராக இறங்கத்தான் நிறைய சக்தி வேண்டும், அது தேவைப்படுவதோ பயணத்தின் கடைசியில், பேட்டரி இறங்கிப் போயிருக்கும் நேரத்தில்.

மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஃபோர்டும் சேர்ந்து 2019ல் வெளியிட்ட ஆய்வு இதையே காட்டியது: 100 கிலோமீட்டர் பயணத்தில், சீட் நிரம்பிப் போனால், ஆளுக்கு வெளியாகும் கரியமில வாயு பெட்ரோல் காரைவிட 52% குறைவு, ஆனால் ஒரே ஆள் 35 கிலோமீட்டருக்குக் கீழே போனால் பெட்ரோல் காரே தேவலாம். ஆக ஊருக்குள் ஆபீஸ் போக இது சரிப்படாது. வியாபாரமும் லேசானதல்ல. லிலியம், வோலோகாப்டர் என்ற இரண்டு ஜெர்மன் கம்பெனிகளும் 2024ல் திவால் மனு கொடுத்தன.

மூன்றாவது, தனியாள் வண்டி. ஜெட்சன் ஒன் என்றால் ஒரு சீட், 20 நிமிடப் பறப்பு. அமெரிக்காவில் 254 பவுண்டுக்குக் கீழ் உள்ள ஒற்றை இருக்கை வண்டிக்கு லைசென்ஸ் வேண்டாம், ஆனால் மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தின்மேல் பறக்கக் கூடாது. அப்படியென்றால் பயணத்துக்கு உதவாது. சீனாவின் எக்ஸ்பெங் கம்பெனியின் யோசனை புத்திசாலித்தனமானது: ஆறு சக்கர வேனுக்குள் ஒரு குட்டி விமானம். காரையும் விமானத்தையும் ஒரே உடலில் திணிக்கவில்லை. சரி, பறந்து போய் இறங்கினால் வேன் எங்கே இருக்கும்? கிளம்பின இடத்தில்.

என் ஓட்டு இறக்கை உள்ள ஏர் டாக்ஸிக்குத்தான், அதுவும் நடுவில் கடலோ மலையோ குறுக்கிடும் தூரங்களுக்கு, அவசர நோயாளிக்கு. மற்றபடி தினசரிப் பயணத்துக்கு ரயிலையும் மின்சார சைக்கிளையும் இந்த மூன்றில் எதுவும் நெருங்கவில்லை. ஏர் டாக்ஸியிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. சுமார் 500 மீட்டர் உயரத்தில் ஜோபி போகும்போது தரையில் 45 டெசிபல்தான், நாசாவோடு சேர்ந்து அளந்தது. ஆனால் இறங்குதளத்துக்கு அடுத்த தெருவில் குடியிருப்பவர்களுக்கு அது 500 மீட்டர் உயரத்தில் இருக்காது. நாள் முழுக்க ஏறி இறங்கும் சத்தம் அவர்களுக்குத்தான், எனவே தளம் எங்கே என்று முடிவெடுக்கும் முன் முதலில் அவர்களைக் கேட்க வேண்டும்.