மெட்டா கன்டென்ட் லைப்ரரி: பார்வைக் கணக்கு உண்டு, அழிந்த பதிவு இல்லை

தேர்தல் காலத்துப் பொய்ச்செய்திகளை ஆராய்பவர்கள் பல ஆண்டுகள் நம்பியிருந்தது, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் பரவும் பொதுப் பதிவுகளைத் தேட உதவிய கிரவுட்டாங்கிள் என்ற கருவியைத்தான். அமெரிக்கத் தேர்தலுக்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில், 2024 ஆகஸ்ட் 14 அன்று, அவற்றின் உரிமையாளரான மெட்டா அதை மூடியது. 2025 ஜனவரி வரையாவது விட்டுவைக்கும்படி மொசில்லா அறக்கட்டளை முன்னெடுத்த கடிதமும் பலிக்கவில்லை. அதற்கு மாற்றாக மெட்டா ஆய்வாளர்களுக்குத் தரும் தேடல் கருவிதான் கன்டென்ட் லைப்ரரி.

இதன் பெரிய பலம், ஒரு பதிவு எத்தனை முறை திரையில் வந்தது என்ற கணக்கு. பொய் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு லைக், ஷேரைவிட இது நேரான அளவு. ஆனால் அது ஆள் கணக்கு அல்ல. ஒருவரே மூன்று தடவை பார்த்தால் மூன்று. ‘பத்து லட்சம் பேர் பார்த்தார்கள்’ என்று இதை வைத்து ஓர் ஆய்வு சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

வலிக்கும் குறை வேறு. பதிவை அழித்துவிட்டால் தேடலிலும் அது வராது. வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு பரப்பிவிட்டு மறுநாள் நீக்கிய பொய், ஒரு மாதம் கழித்துத் தேடுபவர் கண்ணில் படவே படாது. மோசமான பதிவுகள்தான் முதலில் மறைகின்றன என்பதால் பொய்ப் பதிவுகளின் விழுக்காடு உண்மையைவிடக் குறைவாகவே வரும். பிரசாரம் தொடங்கிய நாளிலிருந்து ஒரே தேடலைத் தினமும் ஓட்டி, அன்றன்றைய எண்ணிக்கையைக் குறித்து வைக்க வேண்டும். தரவு எடுத்த தேதியைச் சொல்லாத கட்டுரைக்குப் பாதி மதிப்பெண்கூடத் தர முடியாது.

தமிழில் தேடும்போது ‘வாக்குப்பதிவு இயந்திரம்’, ‘வாக்குப்பதிவு எந்திரம்’, ‘ஓட்டு மெஷின்’, ‘ஈவிஎம்’ எல்லாவற்றையும் தனித்தனியே போடுங்கள். வேற்றுமை உருபு சேர்ந்தால் ‘இயந்திரத்தில்’ என்று சொல்லே மாறிவிடும். அதையும் சேர்க்க வேண்டும். வாட்ஸ்அப் தனிக்குழுக்களில் சுற்றுவது இதில் கிடைக்காது.

இன்னொன்று, எந்தப் பதிவு யார் திரையில் வர வேண்டும் என்று முடிவுசெய்யும் அல்காரிதம். 2020 அமெரிக்கத் தேர்தலின்போது ஆய்வாளர்கள் மெட்டாவுடன் சேர்ந்து, அல்காரிதம் அடுக்கும் வழக்கமான ஃபீடை (பதிவுகள் வரும் பட்டியலை) நேர வரிசை ஃபீடுடன் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2023-இல் சயின்ஸ் இதழில் வந்தது. ஆய்வு நடந்த மாதங்களிலேயே நிறுவனம் அவசர நடவடிக்கையாக அல்காரிதத்தை மாற்றியிருந்ததால், ஒப்பிட வைத்த ‘வழக்கமான’ ஃபீடே வழக்கமானதாக இல்லை என்று 2024-இல் வேறு ஆய்வாளர்கள் அதே இதழில் காட்டினார்கள். பார்வைக் கணக்கின் ஏற்ற இறக்கத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அனுமதி, பல்கலைக்கழகங்களுக்கும் லாப நோக்கற்ற ஆய்வு அமைப்புகளுக்கும்தான். லாபத்துக்கு நடக்கும் செய்தி நிறுவனங்களுக்குக் கதவு திறக்காது. மொத்தத் தரவை மூடிய கணினிச் சூழலுக்குள் பைத்தான் அல்லது ஆர் (R) என்ற நிரல்மொழியில்தான் அலச முடியும். விண்ணப்பப் பரிசீலனைக்கு நேரம் பிடிக்கும். தேர்தல் தேதி அறிவிக்கட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும்.