கரையோர ரயில்: பிள்ளையோடு கதைக்க அரை மணித்தியாலம்

கொழும்பு கோட்டையிலிருந்து கல்கிசைக்கு ரயிலில் சுமார் அரை மணித்தியாலம். கொள்ளுப்பிட்டியிலிருந்து கடல் வலப்பக்கம். பிள்ளையை யன்னலோரம் விட்டுப் பக்கத்தில் இருங்கள். நேருக்கு நேர் முகம் பார்க்காதபோது, முக்கியமாகப் பதின்ம வயதினர், இலகுவாகக் கதைப்பார்கள்.

“பள்ளிக்கூடம் எப்படி?” என்றால் “ம்” மட்டும்தான் வரும். “இன்டர்வெலுக்கு யாரோட இருந்து சாப்பிட்டனீ?” என்று கேளுங்கள். பிறகு மனதுக்குள் பத்து எண்ணும்வரை பொறுங்கள். பெரும்பாலான பெற்றோர் இந்த இடைவெளியில்தான் அறிவுரைக்குத் தாவிக் காரியத்தைக் கெடுப்பது. “ஏன்?” வேண்டாம், விசாரணை ஆகிவிடும். “பிறகு?” போதும்.

குறை? இரைச்சல். கதவோரம் ஒன்றும் கேட்காது. நீளக் கதையை ரயில் நிற்கும்போது கேளுங்கள். அலுவலகம் விடும் நேரத்தில் ஏறவே வேண்டாம். போன் பைக்குள். கடலைக்காரர் வந்தால் ஒரு சுருள் வாங்குங்கள். கைக்கு வேலை இருந்தால் கூச்சம் குறையும்.