சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிச் சாரணர் குழு: ஓராண்டுக்குப் பிறகு நாங்கள் ஏன் தொடரவில்லை

சென்ற ஆண்டு என் மகன் இடைநிலைக் கல்வியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் காலெடுத்து வைத்தபோது, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் சாரணர் குழுவில் அவனைச் சேர்த்தோம். இந்த ஆண்டு அதே சேர்க்கைத் தாள் மீண்டும் வீட்டுக்கு வந்தபோது நானும் என் கணவரும் அதில் கையெழுத்திடவில்லை. எங்களைப் போல் முடிவெடுத்தவர்கள் பலர். தொடக்கத்தில் 31 பிள்ளைகள் இருந்த குழுவில், ஆண்டு முடியும் வேளையில் புதன்கிழமைகளில் வரிசையில் நின்றவர்கள் 11 பேர்தான். லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் மற்றப் பெற்றோருக்கு உதவட்டும் என்றே, கண்டதையும் கேட்டதையும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நம் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவரும் ஒரு சீருடை இயக்கம், ஒரு கழகம், ஒரு விளையாட்டு என மூன்றில் பங்குபெற வேண்டும். அந்தப் பங்கேற்பு புறப்பாட மதிப்பெண்ணாகப் பதிவாகிறது. பின்னாளில் பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான கணக்கில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடும் புறப்பாடத்திற்கு 10 விழுக்காடும் உண்டு. ஆகவே சாரணர் இயக்கம் வேண்டாம் என்று சொல்லும் குடும்பம் சீருடை இயக்கமே வேண்டாம் என்று சொல்வதில்லை. செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜோன் ஆம்புலன்ஸ், போலீஸ் காடெட் ஆகியவற்றில் ஏதோ ஒன்றுக்குப் போகிறது. சாரணர் குழு இழப்பதை மற்றோர் இயக்கம் பெறுகிறது என்பதால், பள்ளியின் மொத்தக் கணக்கில் இந்தச் சரிவு யார் கண்ணிலும் படுவதில்லை.

நல்லதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முதல் மூன்று மாதங்களில் என் மகன் கற்றுக்கொண்டவை அவன் கையில் இன்றும் நிற்கின்றன. பள்ளியில் மலாய்ப் பெயர்களில் சொல்லிக் கொடுத்த முடிச்சுகளை அவன் வீட்டில் நாற்காலிக் காலில் போட்டுப் பழகுவான். ஒருநாள் 'சிம்புல் மானுக்' என்ற முடிச்சை அவன் போட்டுக் காட்டியபோது, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் ஆட்டுக்கயிற்றைக் கம்பத்தில் கட்டுவதற்குத் தாம் போட்ட முடிச்சும் இதுதான் என்று என் அப்பா அடையாளம் கண்டுகொண்டார். இருவரும் அன்று மாலை முழுவதும் ஒரே கயிற்றை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திசைகாட்டியைப் பார்க்கவும், மூங்கில் கழிகளை இணைத்துப் பாத்திரம் வைக்கும் அடுக்கு செய்யவும், தன் தட்டைத் தானே கழுவி வைக்கவும் அவன் பழகினான். கடைசியாகச் சொன்னதை வீட்டில் ஐந்து ஆண்டுகள் சொல்லியும் என்னால் சாதிக்க முடியவில்லை.

பிறகு ஏன் விலகினோம்? பெற்றோர் பலர் முதலில் சொல்வது செலவைத்தான். சட்டை, கால்சட்டை, கழுத்துத் துணி, அதன் வளையம், தொப்பி, இடைவார், சின்னங்கள், காலணி எல்லாம் சேர்த்து எங்களுக்கு 186 ரிங்கிட் ஆனது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாதம் 26 நாள் வேலை என்று வைத்தால் அந்தச் சீருடை ஏறத்தாழ மூன்று நாள் சம்பளம். இரண்டு பிள்ளைகள் என்றால் ஆறு நாள். சில சின்னங்கள் ஊரில் கிடைக்காததால் ஈப்போவுக்கும் போக வேண்டியிருந்தது. இருந்தாலும், விலகிய குடும்பங்களிடம் பேசியபோது செலவு முதல் காரணமாகச் சொல்லப்பட்டதே தவிர, உண்மையான காரணமாக எனக்குத் தோன்றவில்லை. சீருடைக்குக் கடன் வாங்கிய அம்மாக்களும் பிள்ளையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். வாங்கிய சட்டை அலமாரியில் இருக்கும்போதே நிறுத்துகிறார்கள் என்றால் காரணத்தை வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

வீடு திரும்பும் வழி அவற்றில் ஒன்று. பள்ளிப் பேருந்து மதியமே போய்விடுகிறது. கூட்டம் மாலை நாலரைக்கு முடிகிறது. பட்டணத்தில் வீடுள்ள பிள்ளை நடந்து போய்விடலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அப்பா மோட்டார் சைக்கிளில் வர வேண்டும். செம்பனைக் குலை வெட்டும் வேலையில் இருப்பவருக்கு அந்த நேரம் எப்போதும் அமைவதில்லை. எங்கள் மகனுடன் படித்த ஒரு பையனின் தாயார் என்னிடம், "அக்கா, மழை நாளில் ஆறரை மணி வரைக்கும் பிள்ளை கேட்டுக்குப் பக்கத்தில் தனியாக நிற்கிறான், இதற்கு மேல் என்னால் முடியாது" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

என் மனத்தை அதிகம் வருத்தியது, கூட்டங்களில் நடந்தது அல்லது நடக்காமல் போனதுதான். 1907-ஆம் ஆண்டு பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முதல் முகாமில் ஏறத்தாழ 20 சிறுவர்களை 4 அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அவர்களுள் ஒருவன் தலைமையிலேயே விட்டார். இன்றளவும் சாரணர் முறையின் உயிர் அதுதான்: பிள்ளைகளைப் பிள்ளைகளே வழிநடத்துவது, பெரியவர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பது. எங்கள் குழுவில் நான்காம் மாதத்திற்குப் பிறகு அணிகள் பேருக்கு மட்டுமே இருந்தன. புதன்கிழமை தோறும் அணிநடைப் பயிற்சியே நடந்தது. வட்டாரப் போட்டி நெருங்கியபோது வேறெதுவும் நடக்கவில்லை. அணிநடை கெட்டதன்று; ஒழுங்கைக் கற்பிக்கும். ஆனால் அதைப் போலீஸ் காடெட்டிலும் கற்கலாம். மூங்கிலும் கயிறும் நெருப்பும் இல்லாத சாரணர் கூட்டத்துக்கு ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏன் மாலை வெயிலில் வந்து நிற்க வேண்டும்? பிள்ளைகள் குறையக் குறைய அணிகளை அமைக்க ஆளில்லை. அணிகள் இல்லாததால் அணிநடை ஒன்றே எஞ்சுகிறது. அணிநடை ஒன்றே எஞ்சியதால் இன்னும் சிலர் விலகுகிறார்கள். 31 பேர் 11 பேரான கதை இப்படித்தான் நடந்தது.

இதற்காகப் பொறுப்பாசிரியர்மீது குற்றம் சொல்ல நான் விரும்பவில்லை. தொடக்கத்தில் இருந்தவர் சாரணர் தலைவர்களுக்கான 'மணிக்காயு' பயிற்சி பெற்றவர். அவருடைய மூன்று மாதங்களே என் மகனின் நல்ல மாதங்கள். அவர் இடமாற்றலாகிப் போன பின்பு, சாரணர் இயக்கத்தில் முன்பின் இருந்திராத இளம் ஆசிரியர் ஒருவரிடம் குழு ஒப்படைக்கப்பட்டது. வகுப்புப் பாடங்களுக்கும் கணினியில் நிரப்ப வேண்டிய பதிவுகளுக்கும் இடையில் அவர் தமக்குத் தெரிந்த அணிநடையைக் கற்பித்தார். அவரும் வேறென்ன செய்வார்?

முகாமைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓரிரவு முகாம் இரண்டு முறை அறிவிக்கப்பட்டு இரண்டு முறையும் கைவிடப்பட்டது. 2022 டிசம்பர் 16 அன்று சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள்மீது மண் சரிந்து 31 பேர் உயிரிழந்த பிறகு, கூடாரம் என்ற சொல்லைக் கேட்டாலே இங்குப் பெற்றோருக்கு நெஞ்சு படபடக்கிறது. இன்னொரு பயமும் உண்டு. தாய்மார் அதை மெல்லிய குரலில்தான் கேட்கிறார்கள். அமெரிக்கச் சாரணர் அமைப்பு 2020-இல் திவால் பாதுகாப்புக் கோரியதையும், சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாக 82,000-க்கும் அதிகமானோர் அங்கே இழப்பீடு கேட்டதையும் செய்தியில் படித்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த நாட்டில் நடந்ததை இந்த ஆசிரியர்கள்மீது ஏற்றுவது நியாயமன்று. அப்படிப்பட்ட ஒரு சொல்லும் எங்கள் குழுவைப் பற்றி நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் இரவில் பிள்ளைகளுடன் தங்கும் பெரியவர்கள் யார், எப்போதும் இருவராவது உடனிருப்பார்களா, பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் உண்டா என்று நான் எழுத்தில் கேட்ட மூன்று கேள்விகளுக்கு, "கவலைப்படாதீர்கள் அம்மா" என்ற வாய்மொழியே பதிலாக வந்தது. நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்டதுதான். ஆனாலும் உலகச் சாரணர் இயக்கமே பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்திருக்கும்போது, ஒரு தாய் எழுதிக் கேட்டதற்கு எழுத்தில் பதில் கிடைக்க வேண்டும்.

உணவு சிறிய செய்தி போலத் தோன்றும். ஆனால் புரட்டாசியில் வைக்கப்பட்ட முகாமுக்கு, சைவ உணவு உண்டா என்று கேட்டதற்கும் முடிவான பதில் வரவில்லை என்பதால் மூன்று குடும்பங்கள் அப்போதே ஒப்புதல் தரவில்லை.

பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது, கைப்பேசிதான் காரணம் என்று கூட்டங்களில் பேசுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பிரிட்டனில் சாரணர் இயக்கத்தில் சேர ஒரு லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அங்கே குறைவது வழிநடத்தப் பெரியவர்களே. ஜெனீவாவில் இருந்த உலகச் சாரணர் செயலகம் இடம்பெயர்ந்து வந்திருப்பது நம் கோலாலம்பூருக்கு. எங்கள் ஊரிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆசை இருக்கிறது. நம்பி ஒப்படைக்கும்படி பயிற்சி பெற்ற ஒருவர் தொடர்ந்து இருப்பதில்லை.

என் மகன் இப்போது செம்பிறைச் சங்கத்தில் இருக்கிறான். கட்டுப் போடக் கற்கிறான், குறையில்லை. சீருடையைப் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டோம். கழுத்துத் துணியை மட்டும் தர மறுத்து வைத்துக்கொண்டான். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாகப் பள்ளிக்குக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறோம். தோட்டத்துப் பிள்ளைகளுக்காகப் புதன்கிழமை மாலை ஒரு வேன், முகாம் பற்றிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில், மாதத்தில் இரண்டு கூட்டங்களாவது அணிநடை இல்லாமல் அணிகளாக இயங்குவது ஆகிய மூன்றையும் கேட்டிருக்கிறோம். பயிற்சிக்கு அனுப்பினால் தானும் போய்க் கற்று வந்து உதவத் தயார் என்று என் கணவர் கீழே தம் பெயரை எழுதியிருக்கிறார். பதில் வந்தால், மகளுக்கான சேர்க்கைத் தாளில் கையெழுத்திடுவோம்.