மண்டபத்தில் யூ.பி.வி.சி. ஜன்னல் போட்டு நான் ஏமாந்த விதம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் பாக் நீரிணையைப் பார்த்தபடி வீடு கட்டிய நான், ஒன்பது யூ.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல்களுக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியை இழந்து நிற்கிறேன். தேவிப்பட்டினமோ ஏர்வாடியோ, உப்புக்காற்று படும் இடத்தில் வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்குள் இதைப் படித்துவிடட்டும் என்றே எழுதுகிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

முதலில் அலுமினியம்தான் எண்ணத்தில் இருந்தது. ஆனால் பவுடர் கோட்டிங் கீறிய இடத்திலும் வெட்டிய முனையிலும் உப்பு இறங்கி அரிக்கும் என்பதையும், சாதாரண இரும்புத் திருகைப் போட்டுவிட்டால் இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில் உப்பு ஈரத்தால் அரிப்பு வேகமாகும் என்பதையும் எங்கள் தெருவிலேயே பார்த்திருந்ததால், யூ.பி.வி.சி. என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றும் எனக்குக் குறை தோன்றவில்லை. யூ.பி.வி.சி. ஜன்னலுக்குள்ளும் உலோகம் இருக்கிறது, அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும் என்பதை நான் யோசிக்காமல் விட்டேன்.

கடைக்காரர் வெட்டிய மூலைத் துண்டு ஒன்றைக் காட்டினார். வெள்ளைச் சட்டத்தின் நடு அறையில், சட்டம் வளையாமல் தாங்குவதற்காக, துத்தநாகம் பூசிய இரும்புக் குழல் இருந்தது. பிறகு கீலின் மேல் ஒரு காந்தத்தை வைத்து, "பாருங்க சார், ஒட்டல. அசல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கடலுக்கே போடலாம்" என்றார். எனக்கும் அது அறிவியல் சோதனை போலவே தெரிந்தது. உண்மையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது, மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை ஓரளவு தாங்கும் 316-லும் ஒட்டாது. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கடலைப் பார்த்த இரண்டு பெரிய ஸ்லைடிங் ஜன்னல்கள் காற்றில் உள்பக்கமாக வளைந்தன. ஸ்லைடிங் கதவுகளுக்கு இடையே பிரஷ் போன்ற இழைதான் காற்றைத் தடுக்கிறது. கதவு போலத் திறந்து, ரப்பர் கேஸ்கெட்டை அழுத்தி மூடும் ஓப்பன் டைப் ஜன்னல் அளவுக்கு அது மழையைத் தாங்காது. சரி, அது நான் கேட்டு வாங்கிய வகை. ஆனால் கீழ்த்தடத்தில் சேரும் நீர் வெளியே போவதற்கான துளைகளைப் பொருத்தியவர்கள் சிலிக்கானால் அடைத்திருந்ததால், நீர் முழுவதும் படுக்கையறைக்குள் வழிந்தது. மற்ற ஜன்னல்களின் கீல்களில் நான்கே மாதத்தில் பழுப்புக் கறை ஏறியிருந்தது. டஃபன்டு கண்ணாடி (சூடேற்றி வலுவாக்கிய கண்ணாடி) என்று பணம் வாங்கியிருந்தார்கள். மூலையில் இருக்க வேண்டிய முத்திரை ஒரு கண்ணாடியில்கூட இல்லை.

பக்கத்து வீட்டில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் தம்பி வந்து பார்த்தார். "அண்ணே, காந்தத்தை ஒட்டக் கூடாத இடத்துல வச்சுக் காட்டியிருக்காங்க. ஒட்ட வேண்டிய இடத்துல வச்சுப் பாருங்க" என்று சொல்லி, தம் பட்டறைக் காந்தத்தை ஜன்னல் சட்டத்தின் மேல் நீளமாக நகர்த்தினார். உள்ளே இரும்பு இருந்தால் பிளாஸ்டிக்கைத் தாண்டியும் இழுக்கும். மூலைகளில் ஒரு சாண் அளவுக்கு இழுத்தது. நடுவில் எங்கும் இழுக்கவில்லை. காற்று அதிகம் தள்ளும் நடுப்பகுதி வெறும் பிளாஸ்டிக்காகவே நின்றிருக்கிறது.

கடைக்காரரிடம் கேட்டபோது, "இரும்பு முழுசா போடுறதா எங்க எழுதியிருக்கு?" என்றார். பில்லில் "யூ.பி.வி.சி. ஜன்னல் 9" என்ற ஒரே வரிதான் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம் என்ற வழக்கறிஞர், அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். புகைப்படங்களோடு புகார் தயாராகிறது.

கடல் பக்கத்து இரண்டையும் மாற்ற வேறொருவரிடம் கொடுத்திருக்கிறேன். சட்டத்தின் முழு நீளத்துக்கும் இரும்புக் குழல், அதன் கனம் எத்தனை மில்லிமீட்டர், கீலும் திருகும் 316, ஓப்பன் டைப், கேஸ்கெட், கண்ணாடியில் முத்திரை, நீர்த்துளை என ஒவ்வொன்றையும் மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். பொருத்தும் நாளில் காந்தத்தை இழுத்துப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம் என்பதும் அதில் இருக்கிறது. அதுவரை வாடைக்காற்று அடிக்கும்போதெல்லாம் அந்த இரண்டு ஜன்னல்களின் கீழே பழைய சாரத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம்.