மக்காச்சோளத் தட்டைக்கு யூரியா: ஆறு வருடம் செய்து பார்த்ததில் தெரிந்தது

அறுவடை முடிந்ததும் தட்டைக்கு, அதாவது கதிர் ஒடித்தபின் நிற்கும் காய்ந்த தண்டுக்கு, தீ வைப்பதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. யூரியா போட்டால் தட்டை சீக்கிரம் கரைந்து மக்கிவிடும் என்பார்கள். இதில் இரண்டு வருடம் தட்டை மேலேயே யூரியாவை வீசினேன். இப்போது வீசுவதில்லை. தழைச்சத்தே (நைட்ரஜன்) வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போடும் உரமும் இடமும் நேரமும்தான் மாறியிருக்கின்றன.

முதல் வருடம் எதுவும் தெரியாது. சட்டிக்கலப்பையால் தட்டையை மடக்கி உழுது, பத்தே நாளில் அடுத்த பயிரை விதைத்தேன். மூன்றாவது வாரம் பயிர் வெளிறத் தொடங்கியது. அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, மஞ்சள் மெல்ல மேலே ஏறியது. தழைச்சத்துப் பற்றாக்குறைக்கு அதுதான் அடையாளம். அடியுரம் வழக்கம்போலத்தான் போட்டிருந்தேன். அது எங்கே போனது?

தட்டையைத் தின்ன வந்த நுண்ணுயிர்கள் எடுத்துக்கொண்டன. ஒரு டன் காய்ந்த தட்டையில் சுமார் 400 கிலோ கரிமம் இருக்கும். தழைச்சத்து 6 அல்லது 7 கிலோதான். அதாவது அறுபதுக்கு ஒன்று. நுண்ணுயிர்களின் உடலில் அந்த விகிதம் எட்டுக்கு ஒன்று. தின்னும் கரிமத்தில் மூன்றில் இரண்டு பங்கை அவை மூச்சாக வெளியே விட்டுவிடுவதால், ஏறக்குறைய 24-க்கு ஒன்று என்ற விகிதத்தில் தீனி கிடைத்தால் அவற்றுக்குப் போதும். அந்தக் கணக்கில் 400 கிலோ கரிமத்துக்கு 16, 17 கிலோ தழைச்சத்து வேண்டும். தட்டையில் இருப்பது போக 10 கிலோ துண்டு விழுகிறது. அதை மண்ணிலிருந்தும் நாம் போட்ட உரத்திலிருந்தும் எடுத்துக்கொள்கின்றன. பயிருக்குப் பந்தியில் கடைசி இடம். பிறகு அந்த நுண்ணுயிர்கள் மடியும்போது சத்து திரும்பி வரும். என் பயிரும் ஐம்பது நாளுக்கு மேல் தானாகவே பச்சை கட்டியது. அதற்குள் வளர வேண்டிய காலம் போய்விட்டது.

சரி, துண்டு விழுவதை நாமே போட்டுவிடலாம் என்று இரண்டாம் வருடம் யூரியாவை எடுத்தேன். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 10 கிலோவுக்குச் சுமார் 22 கிலோ யூரியா. ஏக்கருக்கு மூன்று டன் தட்டை என்று வைத்து, ஒரு மூட்டைக்கும் மேலே அப்படியே தட்டை மீது வீசினேன். மறுநாள் காலை பனி ஈரத்தில் நிலம் முழுக்க அம்மோனியா நெடி. வேலை நடக்கிறது என்று நானும் சந்தோஷப்பட்டேன். உண்மையில் அது என் உரம் காற்றில் போகும் வாசனை. யூரியாவை உடைக்கும் யூரியேஸ் என்ற நொதி வெறும் மண்ணைவிடத் தட்டையில் அதிகம். மழையோ பாசனமோ யூரியாவை மண்ணுக்குள் இறக்காமல், லேசான பனி மட்டும் பட்டால் இழப்புக்கு அதைவிட வசதியான சூழ்நிலை கிடையாது. இது புரிய எனக்கு இன்னொரு வருடமும் இன்னும் சில மூட்டைகளும் ஆயின.

நான்காம் வருடம்தான் கொஞ்சம் புத்தியோடு செய்தேன். நிலத்தை நான்கு பட்டைகளாகப் பிரித்தேன்: தட்டையைப் பொடியாக்கி யூரியா போட்டது, பொடியாக்கி யூரியா போடாதது, முழுத்தட்டையில் யூரியா போட்டது, ஒன்றும் செய்யாதது. ஒவ்வொன்றிலும் நைலான் வலைப் பைகளில் ஒரே எடை தட்டையைப் போட்டு அரை அடிக்கும் குறைவான ஆழத்தில் புதைத்தேன். யாரும் செய்யலாம், பெரிய செலவில்லை. இரண்டு மாதம் கழித்து எடுத்தபோது, முழுத்தட்டை யூரியா போட்டும் விறைப்பாகவே இருந்தது. பொடியாக்கியது இரண்டு பட்டையிலும் விரலால் நசுக்கினால் உதிர்ந்தது. யூரியா போட்டது எது, போடாதது எது என்று கையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் அடுத்து வந்த பயிரில் வித்தியாசம் தூரத்திலிருந்தே தெரிந்தது. யூரியா போட்ட பட்டைகளில் நல்ல கரும்பச்சை.

அதாவது யூரியா தட்டையை ஒன்றும் 'கரைக்கவில்லை'. பயிருக்கு வர இருந்த பஞ்சத்தைத் தள்ளிப்போட்டது. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத் தட்டை மேல் தழைச்சத்து இட்டுப் பார்த்தவர்களும் மக்கும் வேகம் பெரிதாக மாறவில்லை என்றே சொல்லியிருக்கிறார்கள். தட்டையில் சர்க்கரை முதலில் போகும், அடுத்து நார்ப்பொருளான செல்லுலோஸ், கடைசியில் தண்டுக்கு விறைப்பு தரும் லிக்னின். அந்தக் கடைசி கட்டத்தில் கூடுதல் தழைச்சத்துக்குப் பெரிய வேலை இல்லை.

மக்குவதை நிஜமாக முடிவு செய்வது ஈரமும் சூடும் மண்ணோடு தொடுதலும்தான். ஐந்தாம் வருடம் அறுவடைக்குப் பின் ஒரு சொட்டு மழை இல்லை. தட்டை போட்டது போட்டபடி கிடந்தது. ஒரு தண்ணீர் கட்டியபின் மூன்றே வாரத்தில் நிறம் கறுத்து, மண்புழுவும் வந்துவிட்டது. அதற்காகத் தேங்க விடவும் கூடாது. பள்ளத்து நெல் வயலில் வைக்கோலைச் சேற்றில் மிதித்து ஐந்தாம் நாளே நட்டு அந்தப் பாடத்தைத் தனியாகப் படித்தேன். காலை வைத்தால் குமிழி, அழுகிய நாற்றம், நாற்றின் வேர் கறுப்பு. காற்றில்லாத மண்ணில் மக்கினால் அமிலங்களும் மீத்தேனும்தான் வரும். அங்கே எந்த உரமும் உதவாது; இரண்டு மூன்று வாரம் பொறுப்பதுதான் வழி.

இப்போது செய்வது இதுதான். அறுத்த உடனே மல்ச்சரால் விரல் நீளத்துக்குப் பொடியாக்கி, ரோட்டவேட்டரில் மேலாக ஒரு ஓட்டு. மழை இல்லையென்றால் ஒரு தண்ணீர். மேலே யூரியா கிடையாது. விதைக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து வருகிற அளவு அம்மோனியம் சல்பேட்டை விதைக்குப் பக்கத்தில், விதையில் படாமல், மண்ணுக்குள் இடுகிறேன். அதில் 21 சதவீதம் தழைச்சத்தோடு 24 சதவீதம் கந்தகமும் உண்டு. நுண்ணுயிர்கள் கந்தகத்தையும் பிடித்து வைக்கும் என்பதால் அது எனக்குப் பிடிக்கும். இந்த 10 கிலோ மொத்த அளவுக்குள்தான், கூடுதலாக இல்லை. மேலுரத்தில் அந்த அளவைக் குறைத்துவிடுகிறேன். பயறு போன்ற பயிரின் தழை என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். அதன் விகிதம் 25-ஐ ஒட்டியே இருக்கும், கடன் விழாது.

எதிர்பாராத லாபம் சாம்பல் சத்து. பயிர் எடுக்கும் பொட்டாஷில் பெரும்பங்கு தட்டையில்தான் நிற்கிறது. மக்கும்வரை காத்திருக்காமல் மழையிலேயே கழுவி மண்ணில் இறங்கிவிடும். மண் பரிசோதனை பார்த்த பிறகு பொட்டாஷைக் குறைத்துக்கொண்டேன். எரித்த காலத்தில் சாம்பல் சத்து சாம்பலில் மிஞ்சும், காற்று அள்ளிப் போகாமல் இருந்தால். தழைச்சத்து புகையோடு போய்விடும்.

மக்க வைக்கும் பூஞ்சையான டிரைக்கோடெர்மாவும் தெளித்துப் பார்த்தேன். நிழலில் ஈரமாக வைத்த குவியலில் அருமையாக வேலை செய்தது. திறந்த நிலத்தில் காய்ந்த தட்டை மேல் தெளித்ததற்கும் சும்மா விட்டதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. மல்ச்சர் டீசலைத் தாராளமாகக் குடிக்கும். வறண்ட வருடத்தில் கரையான் வரும். தண்டுத்துளைப்பான் புழு தட்டைக்குள் பதுங்கி அடுத்த போகத்துக்குத் தப்பிவிடும். பொடியாக்கினால் பெரும்பாலும் நசுங்கிவிடும். அரைகுறையாக விட்டால் நாமே வளர்த்த மாதிரிதான்.

இந்த முறை விதைக்கும் முன் தோண்டிப் பார்த்தேன். போன போகத்துத் தட்டையின் கணுக்கள் சில கிடைத்தன, மண்வெட்டி பட்டதும் உடைந்தன. அடிவேர்க்கட்டை மட்டும் இரண்டு போகத்துக்கு முந்தியதுகூட அப்படியே கிடக்கிறது. விதைக்கருவியில் சிக்கி வரிசையைக் கெடுப்பது அதுதான். அதற்கு இன்னும் எனக்கு வழி அகப்படவில்லை.